இரவல் மூக்கு

ஜனவரி 7, புதன்

புது டைஜஸ்டருக்கு இன்று முதன்முதலாகச் சாணக் கரைசல் ஊற்றினோம். காலை ஏழு மணியிலிருந்து டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கியது. மாலைக்குள் பதினொன்று. மேலாளர் வரதராசன் சார் தேங்காய் உடைத்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டே நிமிடத்தில் கிளம்பினார். "எப்படித்தான் நிக்கிறீங்களோ பூங்கோதை" என்றார் போகும்போது. நான் சிரித்துவைத்தேன்.

சளி இன்னும் விடவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

பின்னாளில் எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதிவைக்கிறேன். எங்கள் ஆலை மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கிறது. எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீர் சூடும் புளிப்புமாக ஒரு நாளைக்கு நாலு லட்சம் லிட்டர். அதைக் காற்றுப் புகாத தொட்டிக்குள் விட்டால் சாணத்தோடு போய் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று எரிவாயு விடும். அந்தத் தொட்டிதான் டைஜஸ்டர். வாயு பாய்லருக்குப் போகும். தண்ணீரை இன்னும் மூன்று கட்டம் சுத்தப்படுத்தி ஆலைக்கே திருப்பிக்கொள்ளலாம்.

திருப்பியே ஆக வேண்டும். ஊரில் நாலு நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. நாங்கள் பக்கத்திலேயே மூன்று போர் போட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஊர்க்கூட்டத்தில் சார் எழுதிக் கொடுத்துவிட்டார்: மே பத்தாம் தேதிக்குள் கழிவுநீரைத் திருப்பிப் பயன்படுத்தி ஒரு போரை மூடுவோம், முடியாவிட்டால் ஆலையை நிறுத்துவோம் என்று. கழிவுநீர்ப் பிரிவுக்குப் பொறுப்பு நான்.

ஜனவரி 12, திங்கள்

காலையில் வீட்டுக்காரம்மா மாடிக்கு ஓடிவந்து கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். அடுப்பை அணைத்தேன், திருகைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. "கீழ வரைக்கும் கேஸ் வாடை தூக்குது, உங்களுக்குத் தெரியலையாம்மா?" என்றார். சளி என்றேன்.

டிசம்பர் காய்ச்சலோடு வந்த சளி. ஒரு மாதம் ஆகிறது. மூக்கு அடைக்கவும் இல்லை, ஒழுகவும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அக்கா ஆத்தூருக்குக் கூப்பிட்டாள். டைஜஸ்டர் புதிது, விட்டுவிட்டு வர முடியாது என்றேன். ஒருத்திக்காக வைத்த பொங்கல் அடிப்பிடித்திருந்தது. பாத்திரம் கழுவும்போதுதான் பார்த்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காலை ஷிப்ட் ஆபரேட்டர் கலியபெருமாளைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியதாயிற்று. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலையில் பன்னிரண்டு வருடம் இதே மாதிரித் தொட்டி பார்த்தவர். ஆனால் லாக் புத்தகத்தில் வெப்பம், அமிலம், ஓட்டம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் "வாடை: புளிச்ச மாவு, கொஞ்சம் சாணம்" என்று எழுதியிருக்கிறார்.

"லாக் புக்ல எண் மட்டும் எழுதுங்க" என்றேன்.

"எண்ணு மதியானந்தான் மேடம் லேப்ல இருந்து வரும். வாடை இப்பவே வந்துருதுல்ல" என்றார், பணிவாகத்தான்.

அப்படியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

மதியம் என் மேஜையில் டைஜஸ்டர் தண்ணீர் சாம்பிள் பாட்டில் மூடியில்லாமல் இருந்தது. நான் சாப்பிட்டு முடித்த பிறகு கலியபெருமாள் வந்து எடுத்தார். "மன்னிச்சுக்குங்க மேடம், மூட மறந்துட்டேன்." பரவாயில்லை என்றேன். அவர் உடனே போகவில்லை. என் டிபன் பாக்ஸையும் பாட்டிலையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இவ்வளவு கவனமான மனிதர் பாட்டிலை மூட மறந்தது ஆச்சரியம்.

ஜனவரி 29, வியாழன்

எட்டேகாலுக்கு என் மேஜை முன்னால் வந்து நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வது போல ஒப்பித்தார்: "தொட்டி மேல புளிச்ச மாவு. பம்புகிட்ட மக்கின வைக்கோல். முட்டை நாத்தம் எங்கயும் இல்ல."

நான் கேட்கவே இல்லை. ஏன் சொல்கிறார் என்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

ஒரு வாரமாக விடாமல் வந்து சொல்கிறார்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். எனக்கு வாசனை தெரியவில்லை. கற்பூரம், வெங்காயம், பினாயில், காப்பித் தூள் எல்லாவற்றையும் நேற்று வரிசையாக முகர்ந்து பார்த்தேன். எல்லாம் வெறும் காற்று.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. இந்தப் பொறுப்புக்கு ஒரு பெண்ணைப் போட வரதராசன் சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் போராடி வாங்கினேன். மூக்கு வேலை செய்யாத ஆளை டைஜஸ்டர் பக்கம் விடமாட்டார்கள். விடவும் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இது தானாகவே திரும்பிவிடும் என்றுதான் இணையத்தில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். மே பத்து வரைக்கும் தாண்டினால் போதும்.

பிப்ரவரி 11, புதன்

அளவுகள் நன்றாக இருக்கின்றன. வாயு மெல்ல வரத் தொடங்கியிருக்கிறது. தொட்டியைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி போல இளஞ்சூடு.

கலியபெருமாள் இன்று சம்பந்தமே இல்லாமல் திருச்சியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பற்றிச் சொன்னார். அவருடைய மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாளாம், அவள் சொன்னாளாம், நல்ல கைராசியாம். "உங்களுக்குத் தொண்டையில ஏதாவது தொந்தரவா?" என்று கேட்டேன். ஒரு விநாடி யோசித்துவிட்டு இருமினார்.

டாக்டர் பெயர் எழுதிய சீட்டை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

சீட்டைத் திருப்பிக் கொடுக்க இன்றும் மறந்தேன்.

மதியம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார். அவரே சமைப்பது. ஒரு கரண்டி என் சோற்றில் ஊற்றிவிட்டு, "கருவாடு கவிச்சி கம்மி மேடம். மல்லி கொஞ்சம் தீஞ்சிருச்சு, அதனால ஒரு காந்தல் வாடை வரும். கடைசில ஒரு வெந்தய வாசம், அது நல்லாருக்கும்" என்றார். டிசம்பரிலிருந்து சோறு என்பது வாயில் போட்டு விழுங்கும் ஒரு வேலை. இன்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே சாப்பிட்டேன். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் தட்டு காலியாகிவிட்டது.

தரை கழுவும் அன்னக்கிளி அக்கா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

ஆலை முழு வேகத்தில் ஓடுகிறது. நேற்று சார் கூப்பிட்டு, "டைஜஸ்டருக்குப் போற தண்ணிய ஒன்றரை மடங்கு ஆக்குங்க" என்றார். சரி என்றுவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மார்ச் 4, புதன்

கலியபெருமாள் இன்று எட்டேகால் வரை காத்திருக்கவில்லை. நான் ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நின்றுகொண்டிருந்தார்.

"மாவு இல்ல மேடம். காடி."

"உறுதியாவா?"

"கண்ணுல தண்ணி வர்ற மாதிரி புளிச்ச காடி. விடிகாலைல இருந்து ஏறிக்கிட்டே இருக்கு."

லேப் கணக்கு மதியம்தான் வரும். அதற்குள் இன்னும் ஒரு லட்சம் லிட்டர் உள்ளே போய்விடும். தொட்டிக்குள் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் கழிவைப் புளிக்கவைக்கும். இன்னொரு கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக்கும். முதல் கூட்டம் வேகம். இரண்டாவது நிதானம், சட்டென்று நொந்துவிடும். நாம் அவசரப்பட்டு ஊட்டினால் புளிப்பு பெருகி, தின்ன வேண்டியவர்கள் அதிலேயே செத்துவிடுவார்கள். அப்புறம் தொட்டியைக் காலி செய்து மறுபடி சாணம். மூன்று மாதம் ஆகும். மே கைவிட்டுப் போகும்.

அவருடைய மூக்கை நம்பிக் குழாயை மூடச் சொன்னேன்.

சார் போனில் கத்தினார். "லேப் ரிப்போர்ட் இருக்கா உங்ககிட்ட?" இல்லை என்றேன். "அப்ப எத வச்சு மூடினீங்க?" வாடையை வைத்து என்றேன். யாருடைய மூக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் எண்கள் வந்தன. அமிலம் மூன்று மடங்கு.

மார்ச் 8, ஞாயிறு

விடுமுறை இல்லை. சோடா உப்பு மூட்டைகளைக் கரைத்து ஊற்றுகிறோம். தண்ணீர் தேங்கியதால் ஆலையைப் பாதி வேகத்துக்குக் குறைத்துவிட்டார்கள். எல்லோரும் என்னை முறைக்கிறார்கள். கலியபெருமாள் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போவதில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

மார்ச் 11, புதன்

"காடி போயிருச்சு மேடம். மோர் மாதிரி ஆயிருக்கு. நாளைக்கி மாவுக்கு வந்துரும்."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பிழைத்துவிட்டதென்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்கிறவரின் முகம். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். இரண்டு பேர் கையிலும் சோடா உப்பு.

மார்ச் 22, ஞாயிறு

தண்ணீர் லாரிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தொட்டியின் நிழலில் பேச்சு எங்கெங்கோ போனது. அவர் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மூளைக்காய்ச்சல், நாலே நாள். "அவ இருக்கறப்ப வீட்டுக்குப் போனா முதல்ல குளிச்சிட்டு வான்னு விரட்டுவா. இப்ப விரட்ட ஆளில்ல" என்றார்.

எனக்கு விவாகரத்து ஆனதையும் சொன்னேன். பதினொரு வருடம் ஆகிறது. அக்கா தவிர யாரிடமும் அதை இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவர் ஏன், எப்படி என்று எதையும் கேட்கவில்லை. "தனியா சமைச்சு தனியா திங்கிறது கொடுமைங்க" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

நம் வாயு இன்று பாய்லரில் எரிந்தது. நீலச் சுடர். அன்னக்கிளி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த தொட்டிகளிலும் தண்ணீர் தெளிந்து வருகிறது. மே பத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள். முடியும் என்று முதல் தடவையாகத் தோன்றுகிறது.

வெயில் நாற்பது தாண்டிவிட்டது.

ஏப்ரல் 18, சனி

முந்தாநாள் நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் அனுப்பினார்கள். கண் இன்னும் எரிகிறது.

வியாழக்கிழமை கலியபெருமாள் அரை நாள் பர்மிஷன். மகளைத் திருச்சி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் என் மேஜை முன்னால் யாரும் வந்து நிற்கவில்லை.

பம்ப் குழியில் சேறு அடைத்திருந்தது. ஏழடி ஆழம், இரும்புப் படி. இறங்குமுன் வாயு இருக்கிறதா என்று கருவியால் பார்க்க வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே கருவி சரிபார்க்கச் சென்னைக்குப் போயிருக்கிறது. கருவி வரும்வரை காத்திருந்தால் இரண்டு நாள் போகும். குழியின் விளிம்பில் குனிந்து நான் முகர்ந்து பார்த்தேன். என்ன எண்ணிக்கொண்டு முகர்ந்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் முகர்ந்தேன். பிறகு "இறங்கலாம்" என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டேன். முதலில் நான் இறங்கினேன். பின்னால் மண்வெட்டியோடு அன்னக்கிளி அக்கா முதல் படியில் கால் வைத்தார்.

வாயு கசியாமல் அடைத்து நிற்கும் குழாயின் தண்ணீர்த் தடுப்பு வெயிலில் வற்றிப்போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. அதன் வழியாக வந்த வாயுவிலிருந்த ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷம், காற்றைவிடக் கனமாகக் குழிக்குள் இறங்கித் தேங்கியிருந்தது.

தூரத்திலிருந்து கத்தல் கேட்டது. "ஏறுங்க! மேல ஏறுங்க! முட்டை நாத்தம்!" கேட்டிலிருந்து ஓடிவருகிறார், தோளில் பையோடு. நான் கையை ஆட்டி, "ஒண்ணும் இல்ல கலியபெருமாள்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அவர் வந்த வேகத்தில் அன்னக்கிளி அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். அதற்குள் என் கண் எரியத் தொடங்கியது. ஏற முயன்றேன், முட்டி மடங்கியது. அவர் குழி விளிம்பில் படுத்து, மூச்சை அடக்கி, கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மணிக்கட்டில் அவர் விரல் பட்ட இடங்கள் இன்னும் கன்றியிருக்கின்றன.

இன்னும் இரண்டு படி இறங்கியிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார்.

ஏப்ரல் 20, திங்கள்

அன்னக்கிளி அக்கா பால், வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையில் சிராய்ப்பு. என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"எனக்கு லேசா ஒரு நாத்தம் வந்துச்சு கண்ணு. ஆனா நீங்க இறங்கலாம்னு சொல்லிட்டீங்களே, மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கால வச்சேன்."

குறை சொல்லும் குரலே இல்லை.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஏப்ரல் 21, செவ்வாய்

கலியபெருமாள் வந்தார். வீட்டுக்காரம்மா பார்க்கட்டும் என்பதுபோல வாசல் கதவுக்கு வெளியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் சொல்லத் தொடங்கினேன். "எனக்கு டிசம்பர்ல இருந்து..."

"தெரியும் மேடம்."

"எப்ப இருந்து?"

"தை மாசத்துல இருந்து. பாட்டில தெறந்து வச்சிட்டு வெளிய நின்னு பாத்தேன். நாங்க யாரும் அந்த ரூமுக்குள்ள நிக்க முடியல. நீங்க தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம்தான் கோபமாக வந்தது என்று நினைக்கிறேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவர் கீழே பார்த்தார். "சொன்னா உங்கள மாத்திருவாங்க. நான் பக்கத்துலயே இருந்தா சமாளிச்சிரலாம்னு நெனச்சேன். அன்னிக்கி நான் பக்கத்துல இல்ல." பிறகு, "தப்பு பண்ணிட்டேன் மேடம். உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சு அன்னக்கிளி அக்காவ குழிக்குள்ள அனுப்பப் பாத்தேன்" என்றார்.

அனுப்பியது நான். அதைச் சொன்னேன். கிளம்பும்போது அவர் திரும்பிப் பார்த்து, "அடுப்புத் திருக மூடிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 23, வியாழன்

வரதராசன் சாரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கருவி ரிப்பேர்ல இருந்துச்சுன்னு முடிச்சிரலாம் பூங்கோதை. மே பத்துக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. தொட்டி உங்க கைக்குப் பழகியிருக்கு. இத நான் வாங்கினா நடவடிக்கை எடுத்தே ஆகணும்."

"எடுங்க சார்."

"இந்த இடம் போயிரும்."

"ஒரு அம்மா செத்திருப்பாங்க சார். என் கையெழுத்த நம்பி."

அவர் அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார். நான் வெளியே வரும்போது வராண்டாவில் கலியபெருமாள் நிற்கிறார், கையில் அவரும் ஒரு காகிதம். என் கடிதத்தில் அவர் பெயரை எங்கும் எழுதவில்லை. "நீங்க எதுக்கு?" என்றேன் பதறி.

"எனக்கும் தெரியும்ல மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 24, வெள்ளி

இருவருக்கும் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அதன்பின் எனக்கு லேபில் வேலை, டைஜஸ்டர் பக்கம் போகக் கூடாது. அவருக்கு வேறு ஷிப்ட். நாலு புதுக் கருவி வாங்குகிறார்கள். கருவி இல்லாமல், துணை ஆள் இல்லாமல் யாரும் குழிப் பக்கம் போகக் கூடாதென்று போர்டு வைத்துவிட்டார்கள். டைஜஸ்டரை மாலை ஷிப்ட் சந்தானம் பார்க்கிறார். அவரிடம் கலியபெருமாளும் நானும் தனித்தனியாக எழுதிய குறிப்புகளைக் கொடுத்தோம். என்னுடையது முழுக்க எண்கள். அவருடையது முழுக்க வாடைகள். சந்தானம் இரண்டையும் பின் அடித்து ஒன்றாக்கிவிட்டாராம்.

ஏப்ரல் 27, திங்கள்

அக்காவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். கடைசியில், "யாருடி அந்த கலியபெருமாள்?" என்றாள். ஆபரேட்டர் என்றேன். "நாலு வார்த்தைக்கு ஒருக்க அவர் பேரு வருது" என்றாள்.

வரவில்லை. வந்ததா?

மே 5, செவ்வாய்

காலை பத்தரைக்கு அன்னக்கிளி அக்கா போன். பின்னால் ஒரே இரைச்சல்.

"மேடம்! தண்ணி திரும்பி வருது! கூலிங் டவர்ல கொட்டுது, கண்ணாடி மாதிரி! மேற்கு போர நிறுத்திட்டாங்க. ஊர்லேருந்து தலைவர், பொம்பளைங்க எல்லாம் வந்து நிக்கிறோம். சார் போர் ரூமுக்குப் பூட்டு போட்டு சாவிய தலைவர்கிட்ட குடுத்துட்டாரு. நீங்க இல்லையேன்னு இருக்கு மேடம்."

ஐந்து நாள் முன்னதாகவே!

"குடிச்சிராதீங்க அக்கா, அது ஆலைக்கு மட்டுந்தான்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போனை வைத்ததும் சமையல்கட்டில் நின்று நன்றாக அழுதேன். பிறகு கலியபெருமாளை அழைத்தேன். அவருக்கும் அன்னக்கிளி அக்கா சொல்லிவிட்டிருந்தார். "நம்ம தொட்டி மேடம்" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

திருச்சி டாக்டரிடம் வெள்ளிக்கிழமை போகிறேன் என்றேன். "நானும் மகளப் பாக்க வெள்ளிக்கிழமை போகணும்" என்றார். சட்டென்று நிறுத்தி, "இல்லங்க, பொய் சொல்றேன். உங்களோட வர்றேன்" என்றார்.

மே 8, வெள்ளி

டாக்டர் நரை மீசைக்காரர். அரை மணி நேரம் பார்த்தார். காய்ச்சல் வாசனை நரம்பைப் பாதித்திருக்கிறதாம். "திரும்ப வரலாம். வராமலும் போகலாம். ரெண்டு வருஷம் ஆனாலும் ஆகும். என்னால உறுதி சொல்ல முடியாதும்மா" என்றார். கேட்டு நொறுங்கிப்போவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. உண்மையை உள்ளபடி ஒருவர் சொன்னது ஆறுதலாகவே இருந்தது.

பேருந்து நிலையத்தில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் இரண்டு டீ வாங்கிவந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. மகளைப் பற்றி, சந்தானத்தைப் பற்றி, புதுக் கருவிகளைப் பற்றியெல்லாம் பேசினோம். இத்தனை நாளாக இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஒளித்துவைத்ததால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தாகிவிட்டது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்க."

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. மூக்கு நாளைக்கே சரியாப் போயிட்டாலும் பிடிச்சிருக்கும்."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். அதில் டீ இல்லை.

"எனக்கு நாப்பத்தாறு வயசு மேடம்."

"எனக்கு நாப்பத்தொண்ணு."

"மககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேளுங்க. கேட்டுட்டே சொல்லுங்க."

அவர் எதிரே நின்ற பஸ்களைப் பார்த்தபடி, "கேட்டுட்டேன்" என்றார். "ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தேனே, அன்னிக்கே."

"என்ன சொன்னா?"

"'இத்தன நாளா என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தே'ன்னு திட்டினா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் "பெரம்பலூர், பெரம்பலூர், ஏறு ஏறு" என்று கத்திக்கொண்டே எங்கள் முன்னால் வந்து நின்று கேட்டார், "பெரம்பலூரா?" ஆமாம் என்று இரண்டு பேருமே தலையாட்டினோம். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போய்விட்டார்.

பெரம்பலூருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. எத்தனை போயிற்று என்று நான் எண்ணவில்லை.